கத்திக்குள் இருந்த கரி

ஆம்பூர்,
12-8-1957

மதிப்பிற்குரிய குடியாத்தம் மாமா அவர்களுக்கு மருமகன் செங்கல்வராயனின் வணக்கம். இவ்விடம் மூக்கைத் தவிர மற்ற உறுப்புகளெல்லாம் சுகம். அவ்விடம் அத்தையும் தறிகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த, தோல் பதனிடும் இந்த ஷாப்பின் கெமிஸ்ட் வேலையை விடுகிறேன். காரணம் கேளுங்கள். தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டும் மெஷினில் புதுக் கத்தி உடைந்து, துண்டு பறந்து, மெஷின் ஓட்டும் சர்தார் பாஷாவின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. மேனேஜர் பக்தவச்சலம், கவனக்குறைவுக்காக வேலையைவிட்டு ஏன் நீக்கக் கூடாது என்று பாஷாவுக்கே மெமோ கொடுத்தார். எஃகில் கரி அதிகமிருந்தால் கத்தி கண்ணாடிபோல் உடையும், ஆள்மேல் தப்பில்லை என்றேன். நிரூபி என்றார். கத்தியைத் துருவித் தூள் எடுத்தேன். துருப் பிடிக்கக் கூடாதென்று ஸ்டோர்காரர் அதை மீன் எண்ணெயில் ஊறவைத்துவிட்டார். எரித்துப் பார்த்தால் எண்ணெயின் கரியும் சேர்ந்துகொண்டு, கணக்குப்படி அது கத்தியே அல்ல, அடுப்புக்கரி. மறுபடி துருவி, வேலூர்க் கல்லூரிக்கு பஸ்ஸில் கொண்டுபோய், ஆக்சிஜனில் எரித்து, கிளம்பிய வாயுவைப் பிடித்து எடைபோட்டுப் பார்த்து, கரி இருக்க வேண்டியதைவிட இரு மடங்கு என்று எழுதிக் கொடுத்தேன். அத்தோடு அதே பெட்டியில் வந்த கத்திகளெல்லாம் குப்பைக்குப் போகும் என்று நம்பினேன், மாமா.

"கரி ஜாஸ்தியா? அப்போ கழுவிடு" என்றார் மேனேஜர். "இன்னாப்பா முழிக்கிற? தோல்ல மயிரு போவுது, கொழுப்பு போவுது, இரும்புல கரி போவாதா?"

மீதிக் கத்திகளை, தோலின் மயிர் நீக்கும் சுண்ணாம்புக் குழியில் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. ஆசிட் தொட்டியில் போட்டார். ஆசிட் இரும்பைத் தின்னும், கரியைத் தின்னாது. ஆகவே கத்திமேல் கறுப்பாகப் பொடி படிந்தது. அதை வேட்டி முனையால் துடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தியா, வெளிய வந்துடுச்சு! இதுக்கு ஒரு பி.எஸ்ஸி. வேற!"

ஷாப்பே சிரித்தது. பாஷா மட்டும், "சிரிங்க, நல்லா சிரிங்க. நாளைக்கு அதும் முன்னாடி நிக்கப்போற கழுத்து என்னுதுதானே" என்றார்.

மேனேஜர் நிற்கும் இடத்துக்குக் கத்தித் துண்டு பறந்து வராது. ஒருமுறை வந்தால் ரசாயனம் முழுக்கப் புரிந்துவிடும். ராஜினாமா எழுதிவிட்டேன். அங்கே தறி ஓட்டவாவது ஓர் இடம் பாருங்கள். அத்தைக்கு நமஸ்காரம், சின்னவளுக்கு என் அன்பு.

தங்கள்
செங்கல்வராயன்

பின்குறிப்பு: தறி பார்க்க வேண்டாம். ஆசிட் தின்றதில் மெலிந்துபோன கத்திகள், மெஷின் உருளையில் அவற்றைச் செருகும் பள்ளத்தில் நிற்காமல் கழன்று விழுகின்றன. வேறு வழியில்லாமல் மேனேஜரே நல்ல கத்திக்கு ஆர்டர் போட்டுவிட்டார். பாஷாவின் கழுத்து பிழைத்தது. என் ரசாயனத்தால் அல்ல, அவர் ரசாயனத்தால். ஆனால் புதுக் கத்திகள் வந்து இறங்கியதும் முதலில் கழுவ வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. பாஷாவின் மெமோவையும் இன்னும் யாரும் கிழிக்கவில்லை. நான் ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன்.