முதல் மணம்

நடிகை இறந்துபோன செய்தி பேப்பரில் வந்த அன்று கண்ணாடிக்காரர் கடை திறக்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிற மனுஷர், அன்றைக்குத் தன் கண்ணைத் துடைத்துத் துடைத்தே சிவக்க வைத்துக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. சொந்த வீட்டில் வாய்விட்டு அழக்கூட வழியில்லையே என்று துக்கம் இன்னும் கூடியது.

அந்த நடிகை உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு கம்பெனி அவர் படம் போட்டு ஒரு சென்ட் விட்டது. அவர் தலை சாய்த்து நிற்பதுபோலவே கழுத்து ஒருக்களித்த பாட்டில். சென்ட்டின் பெயர் 'முதல் மணம்'. வாசனையைக் குறை சொல்ல முடியாது. பெயர்தான் காலை வாரிவிட்டது. கடையில் போய் "முதல் மணம் ஆயிடுச்சா, இருக்கா?" என்று கேட்டால், "ஆயிடுச்சுங்க, ரெண்டு பிள்ளைங்க" என்று பதில் வரும். இரண்டாம் தாரத்துக்கு அதை ஆசையாக வாங்கிப்போன ஒருவர் அன்றைக்கு வாசலில் படுத்தார். கொஞ்ச நாளில் கம்பெனியும் படுத்துவிட்டது.

கண்ணாடிக்காரர் தன் பங்குக்கு ஒரு பாட்டில் வாங்கினார், கட்டிக்கொள்ளப்போகிறவளுக்கென்றுதான். ஆனால் லேபிளில் இருந்த முகம் அவரைப் பார்த்த பார்வையில், கொடுக்க மனசு வரவில்லை. வரும் வழியில் பைக்குள்ளேயே உடைந்துபோச்சு என்று புதுப்பெண்ணிடம் அளந்துவிட்டார். அன்றிலிருந்து பாட்டில் பழைய ரேடியோவின் வயிற்றுக்குள் குடியிருக்கிறது. ரேடியோ வாயைத் திறந்து யுகமாகிறது. தூக்கிப் போடுங்க என்று மனைவி சொல்லும்போதெல்லாம் ரிப்பேர் பண்ணப்போகிறேன் என்பார். அவள் வெளியே போனால் ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு மோப்பம். அவர் பனியனில் எத்தனை ஓட்டை என்பது வரை அறிந்த அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அவரிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

துக்கம் தாங்காமல், அந்த லேபிளை அச்சடித்த பழைய சிநேகிதருக்குப் போன் போட்டார். ரகசியமாகத்தான் பேசினார்.

"முதல் மணம் இன்னும் என்கிட்டதான் இருக்கு. இந்த வீட்டுக்குள்ளேயே வச்சிருக்கேன். இவளுக்குத் தெரியாது."

திரும்பினால் 'இவள்' நிற்கிறாள், கையில் ஈரத்துணியோடு.

"யாரு அவ?"

"எவ?"

"அதான், முதல் மணம்."

"ஐயய்யோ, அது சென்ட்டும்மா."

"பேரைக் கேக்கலை. ஆளைக் கேக்கறேன்."

"ஆளே சென்ட்டுதான். அன்னிக்கு உனக்கு வாங்கினேனே..."

"அதுதான் உடைஞ்சுபோச்சே. உடைஞ்சது எப்படி வீட்டுக்குள்ள இருக்கும்?"

அவள் பெட்டியை இறக்கினாள். அண்ணன் வீட்டுக்குப் போவதாகவும், இத்தனை வருஷம் ஒரு பொய்யோடு குடும்பம் நடத்தியிருப்பதாகவும் சொல்லிக்கொண்டே புடவைகளை அடுக்கினாள். குரல் உடைந்தது. போன நடிகையா, போகப்போகிற பெண்டாட்டியா என்று இவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ரேடியோவின் முதுகைத் திறந்தார்.

அவள் பாட்டிலை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு சொட்டு எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஈரத்துணி நெடியைத் தாண்டி அறை மணத்தது.

"இப்பவாவது நம்புறியா?"

"நம்பறதுக்கு என்ன இருக்கு? முதல் மணம்னா சென்ட்டுன்னு எனக்குத் தெரியாதா? பைக்குள்ள உடைஞ்சுபோச்சுன்னீங்க. பை ஒரு துளி மணக்கலை. எங்கே ஒளிச்சீங்கன்னுதான் இத்தனை நாளா பிடிபடலை."

பாட்டில் அவள் பீரோவுக்குள் போனது, சாவி அவள் இடுப்புக்குப் போனது. கண்ணாடிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் வாய்விட்டே அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, பாவம் நல்ல நடிகை என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகை அடங்கும் வரை பொறுமையாக இருந்தாள். பிறகு கேட்டாள்:

"இனிமே அந்த ரேடியோவைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாம்ல?"