பத்து நிமிசத் தரகர்

லிந்துலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் அவரைப் போலப் பொய் சொன்ன மனிதர் இன்றுவரை பிறக்கவில்லை. காணி, வீடு, கடை, வாடகை அறை எதுவானாலும் அவர்தான் தரகர். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. ‘பத்து நிமிசம்’ என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும், பொலிசுக்கும் தெரியும்.

அவர் விற்ற காணி எல்லாமே ரோட்டிலிருந்து பத்து நிமிசம். அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு தடவை ஒரு வங்கி மனேஜருக்குக் காணி காட்ட றொசல்ல ஸ்டேஷனில் இறக்கி நடக்க வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து மனேஜர் கேட்டபோது “பத்து நிமிசம் சார்” என்றார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, காலுறைக்குள் அட்டை புகுந்து இரத்தம் வழிய மனேஜர் மறுபடி கேட்டபோதும் “பத்து நிமிசம் சார்” என்றார். இடம் வந்ததும் மனேஜர் ஒரு கல்லில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். திரும்பி நடக்கத் தெம்பில்லாததால் அந்தக் காணியையே வாங்கிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். நான் அவர்களோடு கூட இருக்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

வீடு காட்டுவதென்றால் பனிமூட்டம் இறங்கிய பிறகுதான் காட்டுவார். வெயிலில் காட்டினால் வீட்டின் அழகு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை இப்படித்தான் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, வெள்ளையாய்க் கிடந்த மூட்டத்தைக் குடையால் சுட்டிக்காட்டி, அந்தப் பக்கம் முழுக்கப் பூந்தோட்டம் என்று வர்ணித்துக்கொண்டிருந்தார். பூந்தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு மாடு கத்தியது. இவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“பூவுக்கு உரம் வேணுமில்லீங்களா?” என்றார்.

ஆள் ஒல்லி. எந்தக் காலத்திலோ எந்தத் துரையோ கழித்துக் கட்டிய கம்பளிக் கோட்டு ஒன்றுக்குள் எப்போதும் இருப்பார். அதற்குள் இன்னொருவரும் தாராளமாகக் குடியிருக்கலாம். கோட்டுப் பைகள் நிறையச் சாவிகள். பேசும்போது கையை உள்ளே விட்டுக் கிலுகிலுப்பார். அதில் ஒரு சாவியும் ஒரு வீட்டையும் திறக்காது, பழைய இரும்புக்காரனிடம் வாங்கியவை என்று எங்களுக்கெல்லாம் தெரியும். எங்கே பிறந்தவர், எங்கே தங்குகிறார் என்பதும் இப்படித்தான். என்னிடம் கண்டியில் நகைக்கடை வைத்திருந்த குடும்பம் என்றார். தையற்கடைக்காரரிடம் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்றார்.

நான் லிந்துலையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். திங்கட்கிழமை தோறும் வந்து இருமல் பாணி ஒரு போத்தல் வாங்குவார். வாங்கும்போதே கடைக்கு வந்த மற்றவர்களிடம் ஒரு காணியைத் தள்ளிவிடப் பார்ப்பார். காய்ச்சலோடு வந்தவர்களுக்குக் காற்றோட்டமான வீடு, கால்வலிக்காரர்களுக்கு ரோட்டோர வீடு என்று நோய்க்கேற்ற வீடு வைத்திருந்தார். அவர் போன பிறகு நாங்கள் திட்டாத திட்டில்லை. தரகன் என்றாலே பிடுங்கித் தின்கிறவன் என்று அடித்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் காணி வாங்கி ஏமாந்த நண்பர்கள் அப்படிச் சொல்லும்போது எதிர்த்துப் பேச என்னிடம் வலுவான நியாயம் ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு வீட்டின் கதைதான் இருக்கிறது.

அந்த வருடம் கார்த்திகை மழையில் என் அக்கா இருந்த தேயிலைத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயம் என்கிற வரிசை வீட்டில் கடைசி இரண்டு காம்பரா அறைகளையும் அதிலிருந்த ஐந்து பேரையும் மண் கொண்டுபோனது. அக்காவின் காம்பரா அதற்கு அடுத்தது. சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் வந்து அளந்து, இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே குடியிருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அக்கா, மச்சான், இரண்டு பிள்ளைகள் நாலு பேரும் மற்றக் குடும்பங்களோடு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தார்கள். கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் சின்னவள் எழுந்து வாசலில் போய் நிற்பாள். கூப்பிட்டாலும் வரமாட்டாள். நானோ கடைக்கு மேலே ஓர் அறையில் இன்னும் மூன்று பேரோடு படுக்கிறவன். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் தற்காலிகமாக லயத்துக்கே திரும்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எது வரைக்கும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. வெடித்த சுவருக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள் என்று அக்கா என்னிடம் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல்தான் பத்து நிமிசத்திடம் சொன்னேன். அவர் அன்றைக்குக் கோட்டுப் பைக்குள் கையை விடவில்லை.

முதல் இரண்டு வீட்டுக்காரர்களிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னார். இருவரும் இல்லை என்றார்கள். லயத்து ஆட்களுக்குக் கொடுத்தால் நாலு பேர் பத்துப் பேராவார்கள், சுவரெல்லாம் புகையாகும் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னாராம். இவர் வந்து என்னிடம், “தம்பி, உண்மையச் சொல்லிப் பாத்தேன். நமக்கு அந்தத் தொழில் சரிவராது” என்றார்.

மூன்றாவது வீடு தலவாக்கலையில். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு டீச்சர், ஓய்வு பெற்றவர். பின்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு விடுவதாக இருந்தார். மச்சான் கொழும்பில் ஒரு கம்பெனி சூப்பர்வைசர், மாற்றலாகி வருகிறார், அக்கா கண்டியில் கடைக்காரர் மகள் என்று தரகர் ஏற்பாடு செய்துவிட்டார். அக்காவுக்கு இரவல் சேலை, இரவல் செருப்பு. லயம், கொழுந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இந்த மூன்று வார்த்தையும் வாயில் வரக்கூடாது என்று பஸ்ஸில் போகும்போதே பாடம் நடத்தினார். அக்கா ஒரு வார்த்தையும் தப்பாகப் பேசவில்லை. டீச்சர் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார், நாளைக்கே வரலாம் என்றும் சொல்லிவிட்டார். சாவி எடுக்க அவர் உள்ளே போனார். நாங்கள் முற்றத்தில் நின்றோம்.

முற்றத்து வேலியோரம் அழகுக்கு நாலைந்து தேயிலைச் செடி வளர்த்திருந்தார். மழைக்குப் பிறகு நன்றாகத் துளிர்த்திருந்தது. அக்கா சின்னவளைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் நின்றாள். கை தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளி, பிடி நிறைந்ததும் தலைக்கு மேலாகப் பின்னால் வீசினாள். பத்தொன்பது வருடப் பழக்கம். முதுகில் கூடை இல்லை என்பது அவளுக்கு நினைவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை என்பதுதான் வேடிக்கை. டீச்சர் சாவியோடு வந்தபோது மூன்று செடி சுத்தமாகக் கிள்ளப்பட்டிருந்தது. அக்காவுக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் கொழுந்து குவிந்து கிடந்தது.

டீச்சர் கொழுந்தைப் பார்த்தார், பிறகு அக்காவின் விரல்களைப் பார்த்தார். அக்கா குனிந்து அதை அள்ளத் தொடங்கினாள்.

“நீங்கள் தோட்டத்து ஆக்கள் எண்டதுக்காக இல்லை. என்னட்டப் பொய் சொல்லிப்போட்டியள். பொய் சொல்லுறவைக்கு நான் எப்பிடி வீடு தாறது?” என்றார் டீச்சர்.

மாட்டுக்கே மறுமொழி வைத்திருந்த மனிதர் இந்தத் தடவை பொய்யைத் தேடவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “டீச்சர், ரெண்டு வீட்டுல உண்மையச் சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன். நானும் லயத்துல பொறந்தவன்தாங்க” என்றார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மைக்கும் வீடில்லை, பொய்க்கும் வீடில்லை என்றால் நாங்கள் வேறு எதைத்தான் சொல்வது என்று மட்டும் அவரிடம் கேட்டிருக்கலாம்.

லிந்துலைக்குத் திரும்பி வந்து மதகில் உட்கார்ந்தோம். மழை தூறியது. சின்னவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரகர் நெடுநேரம் இருமிவிட்டு, அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

“தங்கச்சி, இன்னொரு வீடு இருக்கு. ஓனர் டுபாய்ல. பத்து நிமிசம் நடந்தா போதும்.”

ஐம்பது நிமிடம் நடந்தோம். மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே, மலையடிவாரத்தில் இல்லாமல் ஒரு மேட்டின் மேலே, தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. அடுப்பு, கட்டில், குழாய் எல்லாம் இருந்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு அத்தனை சாவியையும் துழாவி ஒன்றை எடுத்தார். அந்தச் சாவி கதவைத் திறந்தது. நாங்கள் அசந்துபோனோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தபோது அக்காவின் பிள்ளைகள் படிக்கிற பிள்ளைகளாகவே அங்கே போனார்கள். தரகர் வாடகை வாங்கினார், தன் கமிஷனையும் விடாமல் வாங்கிக்கொண்டார்.

டுபாய் ஓனர் பொல்லாதவராக இருந்தார். கறிவேப்பிலைக் கன்றை வெட்டக் கூடாது என்று செய்தி அனுப்புவார். கூரையில் சாக்கு போடச் சொல்லுவார், சின்னவளுக்கு மழைச் சத்தம் கேட்கக் கூடாதாம். டுபாயிலிருப்பவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதற்கு, “பெரிய மனுசங்க, எல்லாம் விசாரிப்பாங்க தம்பி” என்றார். ஞாயிறு தோறும் தரகர் நேரில் போய் வீட்டைப் பார்வையிட வேண்டும் என்பதும் ஓனர் கட்டளை. பார்வையிடும் நேரம் பகல் பன்னிரண்டரை. அக்கா முன்னமே இலை போட்டு வைத்திருப்பாள். சாப்பிட்டுவிட்டு, அடுப்புச் சுவர் புகையேறுகிறது, ஓனர் கோவிப்பார் என்று கண்டித்துவிட்டுப் போவார்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஆடி மழையில் ஒரு திங்கட்கிழமை அவர் இருமல் பாணி வாங்க வரவில்லை. தையற்கடைக்காரர்தான் ஓடி வந்தார். தை மாதத்திலிருந்து தரகர் அவர் கடைக்குப் பின்னால், துணி வெட்டும் பலகைக்கு அடியில் படுத்திருந்தாராம். அன்றைக்குக் காலையில் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். நெஞ்சு முழுக்கச் சளி என்றார்கள். அத்தனை வாரமும் அளந்து அளந்து பாணி கொடுத்த நான், எங்கே படுக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டதில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு உடலை எடுக்கப் போனபோது ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் அவர் விலாசம் எழுதியிருந்தது. அது அக்கா இருக்கும் வீட்டு விலாசம். அதில் எழுதியிருந்த அவர் பெயர்தான் ஓனர் பெயரும்; டுபாயில் யாரும் இல்லை.

துண்டை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் வாங்கிப் பார்க்கவில்லை.

“ரெண்டாம் நாளே தெரியும்டா. பக்கத்து வீட்டக்கா சொல்லிட்டாங்க. அவரு அவ்வளவு அழகாப் பொய் சொல்லிக்கிட்டு இருந்தாரு, நம்ம எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்.”

அப்படியானால் அவர் எங்கே படுப்பார் என்று யோசிக்கவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கேட்டேனே. நானுஓயாவுல சுடுதண்ணி வர்ற ரூம் எடுத்திருக்கேன் தங்கச்சின்னாரு. அந்த ஒண்ண மட்டும் நம்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு அக்கா அழுதாள். மலை இறங்கியதற்கும் அழாதவள்.

அந்த வீட்டிலிருந்துதான் அவரைத் தூக்கினோம். ஓனர் வேறெங்கிருந்து போவார். மச்சான் முன்னால், நான் பின்னால், நடுவில் தையற்கடைக்காரரும் றொசல்லவிலிருந்து வந்த வங்கி மனேஜரும். காணிக்கு நடந்து நடந்து மனேஜர் இப்போது நன்றாகவே மலையேறுகிறார். மழை விடவில்லை, பாதை வழுக்கியது. சுடலை எவ்வளவு தூரம் என்று பின்னால் வந்த யாரோ ஒரு புதியவர் கேட்டார். தூக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம், “பத்து நிமிசம்.”

மனேஜர்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் முகத்தைத் துடைத்தார்.

அந்த ஒரு தடவை மட்டும் அது மெய்யாகவே பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தூரமாக இருந்திருக்கலாம்.