கால்வாயை நான் சுத்தம் செய்த லட்சணம்

ஆர்வம் அதிகமாகவும் விவரம் குறைவாகவும் உள்ள ஆள் உங்கள் தெருவில் இருந்தால், அவர் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு அந்த ஆள் நான்தான்.

தெருவை ஒட்டி ஏரிக்குப் போகும் மழைநீர்க் கால்வாய். அதன் எல்லைக்குள் எதுவும் கட்டக் கூடாது என்பது சட்டம். பக்கத்து மனைக்காரரோ உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பப் பார்த்தார். தெருவிலேயே பள்ளத்தில் இருந்தது ரோஸி டீச்சர் வீடு. அவர்தான் மாதக்கணக்கில் அலைந்து, மனு கொடுத்து, அளப்பதற்கு சர்வேயரை வரவழைத்தார்.

"நாளைக்கு அளக்க வராங்க. இன்னிக்கு எல்லாரும் புதரை மட்டும் வெட்டிக் குடுங்க, போதும்," என்றார்.

நான் அதோடு விடுவேனா? புதர் போனதும் கரையில் நாலு பழைய கருங்கற்கள் துருத்திக்கொண்டு நின்றன. (அழகைக் கெடுத்ததாம்!) மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் நாலையும் பிடுங்கினேன். மூன்று, குப்பை வண்டியில். நல்லதாக ஒன்று, துணி துவைக்க என் வீட்டில்.

"இன்னாங்க, கல்லு தலையில கூட்டல் குறி போட்டுக்கீது?" என்றாள் மனைவி.

"அது கம்பெனி முத்திரை." (பத்தாவது பெயில் நான். ஆனால் பதில் மட்டும் டாண் என்று வரும்.)

மறுநாள் சர்வேயர் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எல்லைக்கல்லு எங்கம்மா? அதுலேர்ந்துதானே அளக்கணும்?" என்று டீச்சரைக் கேட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஒரு கல்லுகூட விடல சார். மொத்தமா க்ளீன் பண்ணிட்டேன்!"

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஓடிப்போய் வீட்டுக் கல்லைச் சுமந்து வந்தேன். "பிடுங்கிட்டா அது வெறும் கல்லு, பாய்," என்றார் சர்வேயர். தூரத்தில் உள்ள வேறு கல்லிலிருந்து அளந்து வர வேண்டுமாம். அதற்குப் புது மனு. மனு நகர்வதற்குள் சுவர் எழுந்து, கால்வாய் குறுகிவிட்டது.

அந்த வருட மழையில் டீச்சர் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். நனைந்த துணிமூட்டையை நான்தான் தலையில் சுமந்து வந்தேன். அவர் திட்டியிருக்கலாம். "நல்ல மனசோடதானே செஞ்சீங்க, பாய்," என்றார். மழை விட்டதும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் சாவியோ கண்ணாடியோ காணாமல் போனால் இன்றைக்கும் பிள்ளைகள், "அத்தா க்ளீன் பண்ணிட்டாரு!" என்று கத்துவார்கள். நானும் சிரிப்பேன்.

போன மழையில், டீச்சர் வீட்டில் இப்போது குடியிருப்பவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "இங்க மட்டும் ஏன் பாய் தண்ணி ஏறுது?" என்று கேட்டார்.

டாண் என்று ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற என் சின்ன மகள் சொன்னாள்:

"அத்தா க்ளீன் பண்ணிட்டாரு."