ஸ்டேஷனில் முளைத்த கேழ்வரகு

எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் எந்த டப்பாவைத் தொட்டாலும் என் மனைவி மாலதியின் குரல் வந்துவிடும். "எதுக்கு?" இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனை, உப்பு எடுக்கக்கூடக் காரணம் சொல்ல வைத்தது ஒரு ரயில்வே ஸ்டேஷன். அதுவும் முழங்கை நீளம்கூட இல்லாத ஸ்டேஷன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் பொம்மை ரயில் சங்கம் இருந்தது. (பொம்மை என்று சொன்னால் உறுப்பினர்களுக்குக் கோபம் வரும். 'மாடல்' என்று சொல்ல வேண்டும்.) சங்கத்தைத் தொடங்கியவர் மிஸ்டர் லீ. மாடியும் அவருடையதுதான், வாடகை வாங்கமாட்டார். அறை முழுக்க மேஜை போட்டு, அதன்மேல் தண்டவாளம், மலை, சுரங்கம் எல்லாம் அமைத்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக அவர் ரயிலேறிய கிள்ளான் பக்கத்து மர ஸ்டேஷன் மட்டும்தான் பாக்கி. அதைக் கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் மகனுக்கு அந்த மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட ஆசை. மிசஸ் லீ பிடிகொடுக்கவில்லை. "ஸ்டேஷன் முடியட்டும் லா. நான் வந்து பாக்குறேன், அப்புறம் சொல்றேன்" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஆக, எங்கள் அறை தங்குவதும் போவதும் ஸ்டேஷன் கையில். அந்த ஸ்டேஷனை யார் கட்டுவது என்று கேட்டபோது நான்தான் முந்திரிக்கொட்டையாகக் கையைத் தூக்கினேன்.

என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டவன் சந்திரன். என் வயதுக்காரன். ஒரு கால் சரியில்லை, கார் ஓட்டமாட்டான். சங்கத்துக்குப் பின்புறம் இருக்கும் ஃபிளாட்டில்தான் குடியிருந்தான். தினமும் சாயங்காலம் கைத்தடியை ஊன்றி வந்து, ஒவ்வொரு படியாக ஏறி, கொஞ்ச நேரம் ரயில் ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். "பாத்துச் செய். இந்த ரூம் போச்சுன்னா எனக்குப் போறதுக்கு வேற இடம் இல்லை லா" என்றான். நான் அவன் முதுகில் தட்டி, "என்கிட்ட விட்டுட்ட இல்ல? கவலைய விடு" என்றேன். (அப்போதே அவன் கவலைப்பட ஆரம்பித்திருக்க வேண்டும்.)

ஐஸ்கிரீம் குச்சியில் ஸ்டேஷன் கட்டினேன். தகரக் கூரை, பெஞ்ச், விரல்நுனி உயரத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், மூட்டையோடு நிற்கும் இரண்டு பயணிகள். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகவே வந்திருந்தது. தண்டவாளத்துக்கு நடுவே போடும் ஜல்லிதான் இடித்தது. கடையில் விற்பது வெளிநாட்டுச் சரக்கு, சாம்பல் நிறம். எந்த ஊர் செம்மண்ணில் சாம்பல் ஜல்லி கிடக்கிறது? எனக்குத் துருப்பிடித்த சிவப்பு வேண்டும், பொடிப்பொடியாக வேண்டும். அந்த யோசனையிலேயே தண்ணீர் குடிக்கப் போனபோது, மாலதி ஆடிக் கூழுக்கு வாங்கி வைத்திருந்த முழுக் கேழ்வரகு கண்ணில் பட்டது.

உருண்டை, நிறம், அளவு எல்லாம் அச்சு அசல் ஜல்லி! கேட்டால் திட்டுவாள் என்று கேட்காமலேயே அள்ளிக்கொண்டு போனேன்.

"என்ன கல்லு இது?" என்றான் சந்திரன்.

"உள்ளூர்க் கல்லு" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. ஏதோ விஞ்ஞானி என்று நினைப்பு.

பசை கெட்டியாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்று, தண்ணீரைத் தாராளமாகக் கலந்து தெளித்தேன். அதன்மேல் தூசி விழக்கூடாதே என்று ஈரத்துணியைப் போட்டு மூடினேன். நீண்ட விடுமுறை வந்தது. ஜன்னலைச் சாத்தி, அறையைப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போனேன். விடுமுறை முடிந்ததும் மிசஸ் லீ வருவதாக ஏற்பாடு.

"அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாத்துடலாம் லா" என்று சந்திரன் படியிலேயே சொன்னான்.

"சஸ்பென்ஸைக் கெடுக்காத" என்றேன்.

மிசஸ் லீ மகனோடு வந்தார். நான் மந்திரி கல்வெட்டைத் திறப்பதுபோல் துணியை இழுத்தேன். தண்டவாளத்தைக் காணோம். பச்சைப் பசேலென்று முளைவிட்டு நின்றது கேழ்வரகு. ஸ்டேஷன் மாஸ்டர் கழுத்தளவுப் பயிரில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயணிகளில் ஒருவரை இன்றுவரை காணவில்லை.

"அங்கிள், இங்க நெல்லு நட்டிருக்கீங்களா?" என்று மகன் மலாயில் கேட்டான்.

அங்கேயே மன்னிப்புக் கேட்டு, வேறொரு நாள் வரச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லையே! "ரயில் வந்தா எல்லாம் அழுந்திடும். ஓட்டுடா" என்றேன். சந்திரன் மாட்டேன் என்று தலையாட்டினான். நான் விடவில்லை. மிஸ்டர் லீ ஆசையாக வைத்திருந்த பச்சை எஞ்சின் மலையைச் சுற்றி வந்து பயிருக்குள் நுழைந்தது, வழுக்கியது, தடம் புரண்டது, மேஜை விளிம்பைத் தாண்டி மிசஸ் லீயின் காலடியில் விழுந்தது.

அவர் குனிந்து எஞ்சினை எடுத்தார். உடைந்த சக்கரத்தையும் தேடி எடுத்தார். இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பரவால்ல. ஸ்டேஷன் அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மகன் மட்டும் பின்தங்கி, அறையின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மாலதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க முளைகட்ட என்ன செய்வோம்? நனைச்சு, ஈரத்துணி போட்டு, மூடி வைப்போம். நீங்க ஒண்ணையும் விடலையே!" அதன்பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினாள்.

இப்போது சங்கம் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி செமினியில், ஓர் உறுப்பினர் வீட்டுக் கார் கொட்டகையில் நடக்கிறது. சனிக்கிழமைகளில் மட்டும்தான். சந்திரனை நான் காரில் அழைத்துப் போனேன். இரண்டு மூன்று தடவை வந்தான். நெரிசலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று நின்றுவிட்டான்.

போன மாதம் கிள்ளானில் அவன் அக்கா மகள் கல்யாணம். என்னைக் கண்டதும் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, "இவன்தான் ரயில் பாதையில விவசாயம் பண்ணுனவன்!" என்றான். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். (வேறு என்ன செய்ய?) கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகக் கேட்டான்: "சனிக்கிழமை இன்னும் ஓட்டுறீங்களா?"

"ஓட்டுறோம்."

"வீடியோ எடுத்து அனுப்பு லா."

அன்றிலிருந்து வாராவாரம் அனுப்புகிறேன். முதல் தடவை, "வளைவுல வேகம் ஜாஸ்தி" என்று பதில் போட்டான். அடுத்த தடவை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் வந்தது. இப்போதெல்லாம் பார்த்துவிட்டான் என்பதற்கான இரண்டு நீலக்கோடு மட்டும்தான் வருகிறது. நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.