பிக்கப் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

மண்ணுலகில் உள்ள அத்தனை பொருள்களையும் ஒரே ஒரு அளவுகோலால் அளந்து முடித்த மனிதன் இதுவரை ஒருவன்தான் பிறந்திருக்கிறான். கல்லூரிக் காலம் முழுக்க நான் அவனோடு ஒரே அறையில் குடியிருந்தேன். அவனுடைய குறட்டை கூட கியர் மாற்றும்.

அந்த அளவுகோலின் பெயர் பிக்கப். மிதித்தவுடன் வண்டி எப்படிச் சீறுகிறது என்பதற்கு மெக்கானிக் கடைகளில் சொல்வார்களே, அதே பிக்கப்தான். நாம் அதை வண்டிக்குச் சொல்வோம். அவன் சாம்பாருக்குச் சொல்வான்.

"இன்னாடா சாம்பாரு இது? பிக்கப்பே இல்ல. வாய்ல வெச்சா அப்டியே நின்னுக்கினுகீது."

தெர்மோடைனமிக்ஸ் எடுத்த பேராசிரியரைப் பற்றி அவன் கருத்து: "நல்ல மனுசன்டா. ஆனா பீரியட் பூரா ஃபர்ஸ்ட் கியர்லயே ஓட்டுறாரு." மாடிக் குழாயில் வரும் தண்ணீர், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், கீழ் வீட்டுக்காரரின் தும்மல், எதுவும் அவனிடமிருந்து தப்பியதில்லை. தும்மலுக்கு மட்டும் முழு மதிப்பெண் போட்டான். கடைசியில் அவனுக்கே அந்தப் பெயர் நிலைத்தது. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பக்கூட மாட்டான்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைச் சாலையோரம் எங்கள் வாடகை மாடி. கன்டெய்னர் லாரி போனால் கட்டில் நகரும். பிக்கப் கண்ணை மூடிக்கொண்டே, எந்தக் கம்பெனி லாரி, எத்தனை டயர், டிரைவருக்கு வீட்டில் சண்டையா என்பது வரை சொல்வான். நடக்கும்போது அவனுடைய இடது கை கியர் போட்டுக்கொண்டே வரும். திருப்பத்தில் வேகம் குறைத்து, வாயால் ஓர் உறுமல் விட்டு, முன்னால் போன பேராசிரியரை வலதுபக்கமாக ஓவர்டேக் செய்ததற்காக ஒருமுறை மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஒருநாள் அவன் அப்பா போன் செய்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்தமாக நெல் நிலம் வைத்துப் பயிரிடுகிறவர். பிக்கப் அவரை நைனா என்பான், நாங்களும் அப்படியே. ஸ்பீக்கரில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"டேய், வாடக வண்டிக்காரனுங்களோட ஒரே பேஜாரா கீது. நல்ல பிக்கப்பா, பழசா ஒண்ணு பாத்து வாங்கு, துட்டு போட்டு வுடறேன். நீ காலேஜுக்குப் போவ வர ஆவும், நமக்கும் ஆவும்."

நெல் மூட்டை ஏற்றுகிற, பின்பக்கம் திறந்த லோடு வண்டியை எங்கள் பக்கம் எல்லோரும் பிக்கப் என்றுதான் சொல்வார்கள். இவன் போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நைனாவே சொல்லிட்டாருடா! பிக்கப் உள்ள வண்டியா பாக்கச் சொல்லிட்டாரு! ஸ்போர்ட்ஸ் கார்தான்!"

"டேய், அவரு சொன்னது லோடு வண்டிடா."

"லோடுன்னு ஒரு வார்த்த சொன்னாரா? நீயும் கேட்டுக்கினுதானே இருந்த?"

அவன் உண்மையிலேயே தப்பாகப் புரிந்துகொண்டானா, இல்லை புரிந்துகொண்டே தப்பு செய்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழைய கார் பார்க்கும் படலம் தொடங்கியது. மாணவன் வாங்கும் முதல் கார் என்பதால் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் நான் தயார் செய்திருந்தேன். மைலேஜ் எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு வரும், எங்காவது இடித்துப் பெயின்ட் அடித்த வண்டியா, உதிரி பாகம் கிடைக்குமா. பிக்கப்பிடம் ஒரே கேள்விதான் இருந்தது: "தூக்குமா?"

செங்குன்றம் சாலையில் ஒரு புரோக்கர். அவரிடம் இருந்த எல்லா வண்டியும் டாக்டர் ஓட்டியது. "சிங்கிள் ஓனர் தம்பி. டாக்டரு. ஆஸ்பத்திரிக்குப் போவாரு, ஊட்டுக்கு வருவாரு, அவ்ளோதான்." ஏழெட்டு வண்டி பார்த்த பிறகு, இத்தனை டாக்டர் இருந்தும் நம் ஊரில் ஏன் ஜுரம் குறையவில்லை என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிக்கப்பின் பரிசோதனை முறை வேறு. முதலில் வண்டியைச் சுற்றி வருவான். பானெட்டில் காதை வைப்பான். பிறகு புரோக்கரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட போங்க. தனியா பேசணும்" என்பான். ஒரு வெள்ளைக் காரை, ஹாரனில் தன்னம்பிக்கை இல்லை என்று தள்ளினான். நல்ல நிலையில் இருந்த ஒரு சிவப்புக் காரை முன்பக்கம் பார்த்ததுமே வேண்டாம் என்றான்.

"ஏன்டா?"

"நம்ம கணக்கு சார் மூஞ்சிடா. தினமும் எப்டி எடுத்துக்கினு போறது?"

கடைசியில் திருவள்ளூருக்கு வெளியே ஒரு யார்டில், தார்ப்பாய்க்கு அடியில், அது கிடைத்தது. மஞ்சள் நிறம். இரண்டு கதவு, இரண்டே சீட்டு. உயரம் என் இடுப்புக்குக் கீழே. ஏதோ தொழிற்சாலைக்கு வந்த வெளிநாட்டு மேனேஜர், ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனதாம். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கோழி ஃப்ரீ" என்றார் யார்டுக்காரர்.

முட்டைகளைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். கோழி மட்டும் பானெட் மேல் ஏறி நின்று எங்களை முறைத்தது. பிக்கப் கூனிக்குறுகி உள்ளே நுழைந்து சாவியைத் திருகினான். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கோழி நின்ற இடத்திலிருந்தே எழும்பி, மதில் சுவரைத் தாண்டி, அடுத்த மனையில் இறங்கியது.

"பாத்தியாடா பிக்கப்ப!" என்றான். காரைச் சொன்னானா, கோழியைச் சொன்னானா என்று கேட்பதற்குள் கைகுலுக்கி முடித்துவிட்டான். என் கேள்விகள் எல்லாம் என்னிடமே இருந்தன.

கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்த பயணத்தை நான் மறக்க முடியாது. நெடுஞ்சாலை இருக்கும்வரை சொர்க்கம். தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் முதல் வேகத்தடை வந்தது. காருக்கு அடியில் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். பிக்கப் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நீ எறங்கிக்க. வெயிட்டு கொறஞ்சா கொஞ்சம் எழும்பும்."

இறங்கினேன். அவன் காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். ஏறி உட்கார்ந்தேன். அடுத்த வேகத்தடை. இறங்கினேன். சிறிது நேரத்தில், ஏறி இறங்குவதைவிட நடப்பது சுலபம் என்று தெரிந்தது. ஸ்போர்ட்ஸ் கார் மெதுவாக ஊர்ந்து வர, அதற்கு முன்னால் பள்ளம் பார்த்துச் சொல்லிக்கொண்டே நான் நடந்தேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ எங்களை ஓவர்டேக் செய்தது. உள்ளேயிருந்து ஷிப்ட் முடிந்து போகும் ஒருவர் தலையை நீட்டி, "இன்னா ப்ரோ, தள்ளணுமா?" என்றார்.

வண்டி வாங்கியாச்சு என்று மட்டும் நைனாவிடம் சொல்லியிருந்தான். திருவள்ளூர் பெருமாள் கோயிலில் பூஜை போட்டுவிடலாம் என்று அவர் பஸ் பிடித்து வந்தார். தனியாக வரவில்லை. திரும்பும்போது புது வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஊர் போய்ச் சேரலாம் என்று சித்தப்பா, பெரியப்பா, அவர்கள் வீட்டுப் பெண்கள் என ஒரு கூட்டமே வந்திறங்கியது. கையில் லாரி அளவுக்கு ஒரு சாமந்தி மாலை.

நைனா காரைச் சுற்றி ஒருமுறை வந்தார். பின்னால் போய் நின்றார்.

"பின்னாடி எங்கடா?"

"இதான் நைனா. இவ்ளோதான்."

"மூட்ட எங்க ஏத்துவ?"

பிக்கப் மாலையை வாங்கிக் காருக்குப் போட்டான். மாலை காரை முழுக்கச் சுற்றி மீதி தரையில் கிடந்தது. அதற்குள் பட்டாச்சாரியார் தட்டோடு வந்துவிட்டார். சந்தனம் வைக்க பானெட்டைத் தேடிக் குனிந்து, இன்னும் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பேஷ். பெருமாளைப் பார்த்ததும் வண்டியே தண்டம் சமர்ப்பிச்சிண்டு இருக்கே!"

அவர் சொன்னது சாஷ்டாங்க நமஸ்காரத்தை. நைனாவின் காதில் விழுந்தது தண்டம் என்ற சொல் மட்டும். "கேட்டுக்கினீங்களா? தண்டம்னு சாமியே சொல்ட்டாரு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். கூட்டமும் பின்னால் நடந்தது. சித்தப்பா ஒருவர் மட்டும் திரும்பி வந்து மாலையை எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு நைனா மகனோடு பேசவில்லை. பிக்கப் சாம்பாரைக்கூட விமர்சிக்காமல் சாப்பிட ஆரம்பித்தான். எனக்குப் பயமாகிவிட்டது.

சொர்ணவாரிப் பருவத்து நெல் அறுப்பு சமயத்தில், "நீ கூட வந்தா திட்டமாட்டாரு மச்சான்" என்று என்னை அழைத்துக்கொண்டு அதே காரில் ஊருக்குப் போனான். நைனா திட்டவில்லை. எல்லாவற்றையும் என் வழியாகப் பேசினார். "தம்பி, உன் ஃபிரண்டாண்ட சொல்லு, சோறு ஆறுது." பிக்கப்பும் என்னிடமே, "கொழம்பு சூப்பரா கீதுன்னு சொல்லு மச்சான்" என்றான். ஒரு வீட்டுக்குள் நான் போஸ்ட்மேனாக இருந்தேன்.

மதியம் வானம் கறுத்தது. களத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அன்றைக்குத்தான் கொள்முதல் நிலையத்தில் அவர் முறை. விட்டால் மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது. பேசி வைத்திருந்த லோடு வண்டி வழியில் ஆக்சில் உடைந்து நின்றுவிட்டதாகப் போன் வந்தது. ஊரில் மற்ற வண்டியெல்லாம் அவரவர் நெல்லைத் தூக்கிக்கொண்டிருந்தன. நைனா வானத்தைப் பார்த்தபடி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிக்கப் சாவியை எடுத்தான். காரைக் களத்து ஓரம் பின்னால் எடுத்து வந்து நிறுத்தினான். ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து பக்கத்து சீட்டில் உட்கார வைத்தான். கார் "பீப் பீப்" என்று கத்தியது. பெல்ட் போடாமல் யார் உட்கார்ந்தாலும் அது கத்தும். மூட்டைக்கு சீட் பெல்ட் மாட்டினான். டிக்கியில் இன்னொன்றைத் திணித்து, மூடாமலே கயிற்றால் கட்டினான். உறுமிக்கொண்டு போனான். நாங்கள் அடுத்ததைத் தூக்கி வைப்பதற்குள் திரும்பி வந்து நின்றான்.

ஊரே சாலையோரம் வந்துவிட்டது. மஞ்சள் கார் போகிறது, வருகிறது. ஒவ்வொரு முறையும் பெல்ட் போட்ட ஒரு நெல் மூட்டை கம்பீரமாக உட்கார்ந்து போகிறது. கொள்முதல் நிலையத்து ஊழியர் முதல் மூட்டையை இறக்கும்போது, யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றாராம்.

மூட்டைகளில் பாதி போய்ச் சேர்ந்திருக்கும். நைனா எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காரருகே போனார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குள் குனிந்தார்.

"டேய், இன்னும் ஒண்ணு ஏறுமா?"

"ஏறும் நைனா. போடு."

அத்தோடு என் போஸ்ட்மேன் வேலை போயிற்று.

கடைசி நடைக்குத் தூறல் விழுந்துவிட்டது. மீதியிருந்த ஒரே மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நைனாவே சீட்டில் உட்கார்ந்தார். கொள்முதல் நிலையத்தின் கொட்டகை கண்ணுக்குத் தெரியும்போது, கருகின வாசனையோடு கார் நின்றது. கிளட்ச் போய்விட்டது. பின்னால் ஓடிவந்த நாங்கள் எல்லோரும் தள்ளினோம். நைனா இறங்கவில்லை, இறங்கினால் நெல் நனையும். உள்ளே இருந்தபடி, "தள்ளுங்க தம்பி, அப்டித்தான், சோக்கா போவுது" என்று ஊக்கம் கொடுத்தார்.

கொட்டகைக்குள் வந்ததும் மூட்டையை வாங்கிக்கொண்டோம். ஆனால் சீட் அவ்வளவு தாழ்வு. அவரால் எழ முடியவில்லை. ஆளுக்கு ஒரு கை பிடித்து இழுத்தோம். நிமிர்ந்தவர் இடுப்புத் துண்டை அவிழ்த்தார். முகத்தைத் துடைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். காரின் பானெட்டைத் துடைத்தார். மெதுவாக, மாட்டைத் துடைப்பது போல. பிக்கப் வெளியே போய் மழையில் நின்றுகொண்டான்.

கார் அதன்பிறகு சரியாகவே இல்லை. ஏசி போட்டால் உமி பறக்கும். திருவள்ளூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் வாங்கிக்கொண்டார். புதுமணத் தம்பதிகள் சாய்ந்து நிற்க அது போதும், ஓட வேண்டியதில்லை. அந்த வருடமே ஒரு லோடு வண்டி வாங்கினார்கள். விடுமுறையில் பிக்கப்தான் ஓட்டினான். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறான். கல்யாணமாகிவிட்டது. தொப்பை விழுந்திருக்கிறது.

வேப்பம்பட்டில் குடியேறிய நான், சென்ற மாதம் முதல்முறையாக ஒரு பழைய கார் வாங்கினேன். பார்க்க அவனைத்தான் கூப்பிட்டேன். லீவு போட்டு வந்தான். இன்சூரன்ஸ், மைலேஜ், டயர், பழைய அடி என்று ஒன்று விடாமல் விசாரித்தான். எனக்கே ஏமாற்றமாகிவிட்டது. கடைசியில் என்னைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, பானெட்டில் காதை வைத்து ஏதோ பேசினான்.

"வாங்கிக்க மச்சான். ஊட்டுக்கு ஏத்த வண்டி."

ரயிலுக்கு நேரமாயிற்று என்றான். புதுக் காரிலேயே அவனை ஏற்றிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் அவனுடைய இடது கை தொடைமேல் கியர் போட ஆரம்பித்தது. யார்டிலிருந்து ஸ்டேஷன் நேராகப் போனால் பக்கம்தான். ஒரு ரயில் போனால் இன்னொன்று வரும் என்று நான் வேண்டுமென்றே ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். வழி தெரிந்தவன்தான், ஏன் என்று அவனும் கேட்கவில்லை.