தபால்காரர் அழுத நான்கு நிமிடங்கள்

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். அங்கே நலமா என்று கேட்கலாம் என்றால், உங்கள் நலத்தைக் கெடுத்தவனே நான்தான் என்பதால் அதற்கும் எனக்கு வாய் இல்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரப் பத்திரிகையில் 'கடைசி வரிசை' என்ற புனைபெயரில் வந்த சினிமா விமர்சனம் நான் எழுதியது. தியேட்டரில் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவேன் என்பதால் வைத்துக்கொண்ட பெயர். நீங்கள் அந்தப் படத்தில் நடித்திருப்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. "படத்தைப் பாருங்கப்பா, அப்புறம் பேசலாம்" என்று மகள் டிக்கெட்டை அனுப்பினாளே தவிர, காரணம் சொல்லவில்லை. மொட்டையடித்ததற்குக் காரணம் பொடுகு என்றீர்கள், நம்பினேன். திரையில் வழுக்கைத் தலையும் நரைத்த மீசையுமாக, குரலையும் மாற்றிக்கொண்டு ஒரு அறுபது வயதுத் தபால்காரர் வந்தால், அவர் என் பெண்ணின் கணவர் என்று எனக்கு எப்படித் தோன்றும்? முப்பத்தொரு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் பார்வையைச் சரிசெய்தவனுக்கு இது தெரியவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

அந்தப் படத்துக்கு மூலமான நாவலை நான் பதினொரு முறை படித்தவன். தபால்காரர் தன் பையிலேயே தன் வீட்டு விலாசத்தோடு கிடக்கும் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்: கப்பல் வேலைக்குப் போன மகன் இறந்துவிட்டான். நாவலில் அதற்குப் பிறகு ஒரே ஒரு வரிதான்: பையை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த ஒரு வரிக்காகத்தான் பதினொரு முறை. படத்தில் பார்த்தால் அவர் யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்து நான்கு நிமிடம் அழுகிறார், மூக்கை உறிஞ்சுகிறார், விக்குகிறார், இடது கையால் படியை எதற்கோ தடவுகிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவர் அழுகிறாரா, அடைத்த குழாயைத் திறந்துவிட்டார்களா? ஒரு தகப்பன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. படியில் எதைத் தேடுகிறார், வசனத்தையா?" என்று எழுதினேன். பத்திரிகைக்காரர்கள் அதைக் கட்டம் கட்டிப் போட்டார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பத்திரிகையை மேசையில் வைத்தாள்.

"கடைசி வரிசை நீங்கதானேப்பா?"

"ஆமா. ஏன், நல்லா இருக்கா?"

"அந்தத் தபால்காரர் யாருன்னு தெரியுமா? உங்க மாப்பிள்ளை. மூணு நாளா சரியா சாப்பிடலை. இனிமே நடிக்க மாட்டேன், பள்ளிக்கூட வேலையே போதும்னு சொல்றாரு."

பத்திரிகையை மடித்துக் கவிழ்த்து வைத்தேன். ஆனாலும் விமர்சகன் புத்தி விடவில்லை, மாப்பிள்ளை. "அதுக்காக அந்த அழுகை சரின்னு ஆயிடுமா? யார் அப்படி அழுவாங்க?" என்றேன்.

"நீங்கதான்பா. அம்மா போன அன்னிக்கு, ஆஸ்பத்திரி மாடிப்படியில."

"நான் எங்கம்மா அழுதேன்? பாரத்துல கையெழுத்துப் போட்டேன், வண்டிக்குச் சொன்னேன், எல்லாருக்கும் போன் பண்ணேன்."

"அதெல்லாம் அப்புறம். அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் படியில உட்கார்ந்து அழுதீங்க. நான் உள்ளே இருந்தேன். உங்க பக்கத்துல இவர்தான் உட்கார்ந்திருந்தார்."

அவள் போன பிறகு எவ்வளவு யோசித்தும் எனக்கு அந்தப் படி நினைவுக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்ட பேனாவின் நிறம்கூட நினைவிருக்கிறது, படி இல்லை. இந்த நான்கு வருஷமும், நாவலில் வருகிறவரைப் போலப் பையை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனவன் நான் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் பகல் காட்சிக்குப் போனேன். மொத்தம் ஏழு பேர். இந்த முறை முன்வரிசையில் உட்கார்ந்தேன். நீங்கள் படியில் உட்கார்ந்தீர்கள், அழுதீர்கள், இடது கையால் படியைத் தடவினீர்கள். அப்போது எனக்குப் புரிந்தது. தபால்காரருக்குக் கண்ணாடி கிடையாது. எனக்கு உண்டு. அன்றைக்கு அதைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டுத் தேடியிருக்கிறேன். கடைசியில் நீங்கள் உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து என் காதில் மாட்டிவிட்டீர்கள். அது மட்டும், அந்த விரல்களின் சூடு மட்டும், திரும்ப வந்தது.

டார்ச் வைத்திருந்தவர் வந்து, "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்றார்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

"படம் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு சார்."

மாப்பிள்ளை, நாவலில் ஒரு வரியாக இருந்ததை நீங்கள் ஏன் நான்கு நிமிடமாக்கினீர்கள் என்று கோபப்பட்டேன் அல்லவா, அது இருபது நிமிடமாக இருந்தது, நீங்கள் மரியாதைக்காகக் குறைத்திருக்கிறீர்கள். நடிப்பை விடாதீர்கள். விட்டால் அந்தப் படியில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆசிரியருக்கு மறுப்பு எழுதிவிட்டேன். விமர்சனம் எழுதும் பேனாவை இன்றோடு மூடிவிட்டேன், இனி எந்தப் படத்தைப் பற்றியும் ஒரு சொல் எழுதுவதில்லை.

நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளும் நல்ல உறக்கமும் பெற்று, நீங்கள் நடிக்கும் படத்துக்கெல்லாம் கூட்டம் கூடி, குறை சொல்கிறவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டிக்கொள்ளட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். என் விமர்சனத்தைத் திட்டி எண்பது கடிதங்கள் வந்திருக்கின்றனவாம், இப்படித் திட்டு வாங்குகிற ஆள் அவர்களுக்குக் கிடைப்பதில்லையாம், வாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார். வற்புறுத்தினார், ஒப்புக்கொண்டேன். முதல் கட்டுரை உங்கள் படத்தைப் பற்றித்தான். அழுகையைத் தொடவில்லை. நீங்கள் சைக்கிள் ஓட்டும் விதத்தைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி. முப்பது வருஷம் தபால் கொடுத்தவர் அப்படி ஓட்ட மாட்டார், மாப்பிள்ளை.