நத்தைக்குளம் வானொலியின் நான்கு எல்லை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் தெருவில் கேபிள் டிவி நடத்தும் அந்தோணியின் மனைவி ரெஜினாள். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் தன் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். செருப்பு கிடைப்பதற்குள் கதை முடிந்துவிட்டது. அவர் சொன்னபடியேதான் சொல்கிறேன். எங்கேயாவது கூட்டிச் சொல்லியிருந்தால் ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஒரு காட்டில் நத்தைக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதன் தென்கரையில் ஒரு தட்டைப் பாறை. அந்தப் பாறையில் செங்கமலம் என்கிற ஆட்காட்டிக் குருவி ஏழு வருடமாக வானொலி நிலையம் நடத்தி வந்தாள்.

காலையில் கண் விழித்ததும் படைத்தவனுக்கு ஒரு வணக்கம். அடுத்தது மைக். ஆறு மணிக்குச் சிறுத்தை நிலவரம். ஆறு ஐந்துக்குச் சேறு நிலவரம். ஆறு பத்துக்குக் காணாமல் போன குட்டிகள். ஆறே காலுக்குக் கரடியண்ணன் தேன்கடை விளம்பரம். அதையும் அவளே ராகம் போட்டுப் பாடிவிடுவாள். வடகரையில் தொண்ணூறு உயிர், தென்கரையில் அறுபது உயிர். அத்தனையும் சிறுத்தை நிலவரம் கேட்ட பிறகுதான் தண்ணீரில் வாய் வைக்கும்.

அந்தக் காட்டிலே ஒரு சட்டம் உண்டு. ஒரு பகுதிக்குள் ஒருவர் இரண்டு நிலையத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதன்படி மாணிக்கவேலு என்கிற குள்ளநரியார் இரண்டு வைத்திருந்தார். ஒன்று ஊளை எஃப்.எம். இன்னொன்று சூப்பர் ஊளை எஃப்.எம். இரண்டிலும் ஓடுவது ஒரே ஊளைதான். சூப்பரில் கொஞ்சம் எதிரொலி சேர்த்திருப்பார்.

அவருக்கு மூன்றாவதாகச் செங்கமலத்தின் பாறை மேல் ஆசை வந்தது. சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை அவர். எல்லை வரையும் அலுவலகத்துக்குப் போனார். சூப்பர் ஊளை எஃப்.எம். நிற்கிற புளியமரம் இந்தப் பகுதியில் இருப்பதால்தானே தொல்லை? கோட்டைக் கொஞ்சம் நகர்த்தி அந்த மரத்தைப் பக்கத்துப் பகுதிக்குள் தள்ளிவிடும்படி, வரைபடம் மூன்று நகலோடு விண்ணப்பம் கொடுத்தார். காரணம் என்கிற இடத்தில் "கேட்பவர் நலன் கருதி" என்று எழுதினார்.

அலுவலகத்தில் அதிகாரி ஆமை அம்பலவாணர். மூன்று நகல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார். இருந்தது. முத்திரை குத்தினார்.

புதுக்கோடு குளத்தின் நட்டநடுவே ஓடியது. புளியமரமும் வடகரையும் பக்கத்துப் பகுதிக்குப் போயின. தென்கரையைத் தேக்குமரக்காட்டோடு சேர்த்துவிட்டார்கள். தேக்குமரக்காட்டில் மூவாயிரம் குரங்கு. மூவாயிரமும் ஊளை எஃப்.எம். போட்டால்தான் பேன் பார்க்கும்.

மறுநாள் காலை, வடகரையிலிருந்து முயல் பூரணி கூப்பிட்டாள்.

"மதினி, இனிமே நாங்க வேற பகுதியாம். நோட்டீசு ஒட்டியிருக்கு."

"அதனால என்ன பூரணி? இப்ப நான் சொன்ன சிறுத்தை நிலவரம் கேட்டுச்சா இல்லையா?"

"நல்லா கேட்டுச்சு. ஆனா கணக்குல கேட்கலையாம். உங்களைக் கேட்கிறவங்கன்னு எங்களை எண்ண மாட்டாங்களாம்."

"எண்ணாட்டா என்ன?"

"நீங்க உங்க பக்கத்து நோட்டீசைப் படிக்கலையா மதினி?"

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். பாறையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தது. தன் பகுதியில் நூற்றுக்கு ஐந்து பேராவது கேட்காத நிலையம், வரும் பௌர்ணமிக்குள் தன் இடத்தை அந்தப் பகுதியின் பெரிய நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். நத்தைக்குளம் வானொலியை இப்போது கேட்பவர், நூற்றுக்கு இரண்டு.

அந்தப் பாறையில் கூழாங்கல்லுக்கு நடுவே அவள் இட்ட நான்கு முட்டையும் இருந்தன. குஞ்சு வெளியே வர இன்னும் இருபது நாள் ஆகும். பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள்தான்.

அன்று மதியமே குள்ளநரியார் வந்தார். பாறைக்கு ஒரு முழம் தள்ளி, மரியாதையாக உட்கார்ந்தார்.

"செங்கமலம் அக்கா, முட்டை எல்லாம் சுகமா?"

"சுகமா இருக்கு. நீ எட்டியே இரு."

"உங்களை நான் கைவிடுவேனா? பாறையைக் கொடுத்துட்டு எங்க எஃப்.எம்.ல வேலைக்கு வாங்க. சிறுத்தை வருதுன்னு ஒரே ஒரு தடவை கத்துங்க, போதும். அதைப் பதிவு பண்ணி மணிக்கொரு தடவை போட்டுக்குவோம்."

"சிறுத்தை வராத நேரத்திலயும் போடுவியா?"

"வராத நேரத்துல போட்டாத்தான் அக்கா கேட்க இனிமையா இருக்கும்."

"எனக்கு வேண்டாம்ப்பா."

"வேண்டாம்னா பரவாயில்லை. நேத்து காலையில நீங்க கத்தினதையே பதிவு பண்ணிட்டோம். குரங்குங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுக்குத்தான் இப்ப ஆடுதுங்க."

சொன்னது பொய்யில்லை. தேக்குமரக்காட்டுப் பக்கமிருந்து "சிறுத்தை வருது, சிறுத்தை வருது" என்று அவள் குரலே, பின்னால் மேளத்தோடு கேட்டது.

செங்கமலம் முட்டைகளை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகத்துக்குப் பறந்தாள். அவர் வாய் பேசாத ஆண்பறவை. அடைகாக்கச் சொன்னால் காப்பார், காரணம் கேட்க மாட்டார். அலுவலகத்தில் வரிசை. முன்னால் ஒரு நத்தை நின்றது. வீட்டைக் கூடவே கொண்டுபோகிறவர் நிரந்தர முகவரி என்று எதை எழுதுவது என்று கேட்க வந்திருந்தது. மூன்று நாள் நின்றாள்.

"சார், என் குரல் இரண்டு கரைக்கும் போகுது. பாதிக் குளத்துல நிறுத்தச் சொன்னா எப்படி நிறுத்துவேன்?"

ஆமை சார் கழுத்தை மெல்ல நீட்டினார். "குரல் எங்கே போகுதுன்னு பார்க்க இங்கே ஆள் கிடையாதும்மா. கோடு எங்கே போகுதுன்னு பார்க்கத்தான் ஆள்."

"அப்ப கோட்டை யார் மாத்தலாம்?"

"நிலையம் வச்சிருக்கிற யார் வேணும்னாலும் கேட்கலாம். மூன்று நகல் வேணும்."

"ஒரு பகுதின்னா எவ்வளவு பெரிசு இருக்கணும் சார்?"

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஆமை புரட்டுகிற வேகத்தில் புரட்டினார். மாலையாகிவிட்டது. "இதுக்கு மேலே போகக் கூடாதுன்னு போட்டிருக்கு. இதுக்குக் கீழே போகக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை. இதுவரைக்கும் சின்னதா யாரும் கேட்டதில்லையே."

செங்கமலம் அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினாள்.

புதிய பகுதியின் பெயர்: பாறை. வடக்கு எல்லை: என் வால். தெற்கு எல்லை: என் அலகு. கிழக்கு எல்லை: இரண்டு முட்டை. மேற்கு எல்லை: இரண்டு முட்டை. மக்கள்தொகை: நானும் வீட்டுக்காரரும். காரணம் என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மேசை மேலே கிடந்த நரியின் விண்ணப்பத்தைப் பார்த்து, "கேட்பவர் நலன் கருதி" என்று எழுதினாள்.

ஆமை சார் நகலை எண்ணினார். மூன்று இருந்தது. முத்திரை குத்தினார். பிறகு விதிப்படி பாறைக்கு வந்து, நான்கு முட்டையிலும் "எல்லைக்கல், சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்" என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கணக்கு வந்தது. பாறைப் பகுதியில் நத்தைக்குளம் வானொலியைக் கேட்பவர் நூற்றுக்கு நூறு. வீட்டுக்காரருக்கு வேறு வழியும் இல்லை. ஊளை எஃப்.எம்.முக்கு அதன் பகுதியில் தொண்ணூற்றெட்டுதான். காட்டிலேயே முதலிடம் என்று செங்கமலத்துக்குத் தகட்டில் எழுதி ஒரு பலகை கொடுத்தார்கள். பாறையில் மாட்ட இடமில்லாததால் பக்கத்துப் பகுதியில் சாய்த்து வைத்தாள். பௌர்ணமி வந்தது, போனது. பாறை அவளிடமே இருந்தது.

குள்ளநரியாருக்குத் தூக்கம் வரவில்லை. புத்தகத்தை அவரும் புரட்டினார். பாறைப் பகுதியில் அவருக்கு ஒரு நிலையமும் இல்லை. ஆக, சட்டப்படி அங்கே இரண்டு தொடங்கலாம். ஒரே நிபந்தனை, தொடங்குகிறவர் ஒரு காலைப் பொழுது அந்தப் பகுதிக்குள் நின்று காட்ட வேண்டும்.

மறுநாள் விடியும்போதே ஆமை சாரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்காரர் அப்போதுதான் புழு தேடப் போயிருந்தார். செங்கமலம் மைக்கை ஒட்டி நகர்ந்தாள். இந்தப் பாறையிலேயே நின்று நரி ஊளையிட்டால், பிறகு தன் குரல் எந்தக் கரைக்குக் கேட்கும்?

"முட்டையில கால் படக் கூடாது சார்," என்றார் ஆமை. "அது எல்லைக்கல்."

குள்ளநரியார் பின்கால் இரண்டையும் முட்டைகளுக்கு நடுவே வைத்து, முன்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கி, கும்பிடுகிற மாதிரி நிமிர்ந்து நின்றார். உடம்பு உள்ளே வந்துவிட்டது. வால்தான் வெளியே தொங்கியது.

ஆமை சார் டேப்பை வைத்து அளந்தார். "வால் தேக்குமரப் பகுதியில கிடக்குது."

"வாலை விடுங்க சார். நான் இங்கே இருக்கேன். வால் அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்படியே எழுதிக்கிறேன்," என்று ஆமை எழுதிக்கொண்டார். நரியார் கையெழுத்தும் போட்டார்.

மணி ஆறு. செங்கமலம் மைக் முன்னால் நிமிர்ந்தாள்.

"நத்தைக்குளம் வானொலி. சிறுத்தை நிலவரம். சிறுத்தை தென்கரை நாவல் மரத்தடியில் நிற்கிறது. பாறையைப் பார்த்து நடக்கிறது. எல்லாரும் தண்ணீரை விட்டு விலகுங்கள்."

வடகரையில் பூரணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் ஓடினாள். ஆமை சார் தலையையும் காலையும் டேப்பையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

குள்ளநரியார் மட்டும் சிரித்தார். "இது எங்க எஃப்.எம்.ல மணிக்கொரு தடவை ஓடுறதுதானே அக்கா. மேளம் இல்லாம கேட்டா அவ்வளவு நல்லா இல்லை."

"திரும்பிப் பாரு மாணிக்கவேலு."

"திரும்பினா கால் வெளியே போயிடும். எனக்குத் தெரியாதா உங்க வித்தை?"

அதற்குள் சிறுத்தை வாலைப் பிடித்துவிட்டது.

"அக்கா, அக்கா, சொல்லுங்க. மைக்ல சொல்லுங்க. யாராவது வருவாங்க."

செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "நடக்கிறது தேக்குமரப் பகுதியிலப்பா. எங்க எல்லை இந்த முட்டையோட முடியுது. உள்ளே சொல்ல வேண்டியதை நான் முன்னாடியே சொல்லிட்டேன்."

குள்ளநரியார் ஒரே தாவலில் குளத்தில் குதித்து நீந்தி, வடக்குப் பகுதியில் கரையேறினார். வால் தேக்குமரப் பகுதியிலேயே தங்கிவிட்டது, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபடியே. சிறுத்தை அதைக் கவ்விக்கொண்டு போனது. நான்கு எல்லைக்கல்லிலும் ஒரு கீறல் இல்லை. வாலுக்கு இழப்பீடு கேட்டு அவர் எழுதிய மனு இன்னும் நடக்கிறது. வால் இழந்தவர் வடக்கில் இருக்கிறார், இழந்த வால் தெற்கில் இருந்தது. ஆகவே மனுவை யார் வாங்குவது என்று இரண்டு பகுதியும் கடிதம் போட்டுக்கொள்கின்றன.

கதை இதோடு முடிந்ததென்று நினைத்தேன். அப்போதும் ரெஜினாளுக்குச் செருப்பு கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் எல்லைக்கற்கள் பொரிந்தன. ஆட்காட்டிக் குஞ்சு முட்டையை விட்டு வந்த கொஞ்ச நேரத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். கிழக்கு எல்லையில் ஒன்று நாவல் மரத்துக்கு ஓடியது. இன்னொன்று தேக்குமரக்காட்டுக்குள் நுழைந்தது. மேற்கு எல்லை இரண்டும் கரையோரமாகவே ஓடி, குளத்தைச் சுற்றி வடகரைக்குப் போய், பூரணியின் பிள்ளைகளோடு விளையாடின.

ஆமை சார் டேப்போடு பின்னாலேயே வந்தார். விதிப்படி எல்லைக்கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எல்லை. "அம்மா, உங்க கிழக்கு எல்லையைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்க," என்று மூச்சு வாங்கினார்.

"என் பேச்சை எங்கே சார் கேட்குதுங்க," என்றாள் செங்கமலம்.

அன்று மாலைக்குள் இரண்டு கரையும், புளியமரமும், பாதித் தேக்குமரக்காடும் பாறைப் பகுதிக்குள் வந்துவிட்டன. மறுநாள் ஆறு மணிக்கு வடகரையிலிருந்து குரல் வந்தது.

"மதினி, கேட்குது. கணக்குலயும் கேட்குது."

நீதி: கோடு போடும் அலுவலகத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள், கோட்டின் மேல் ஒரு முட்டையை இட்டுவிட்டு வாருங்கள். வாலை மட்டும் எப்போதும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேரம் கேட்டீர்களே, எழுந்து போகும்போது அந்தக் குளத்துப் பக்கத்து ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். மணி ஆறாகப் போகிறது.